வெளியூர் ஆட்டத்தின் கடைசி நான்கு நிமிடம்

வாழப்பாடிப் பக்கம் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு முக்கியமான ஆட்டங்கள் அநேகமாக எல்லாமே வெளியூரில்தான். சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் என்று விடியற்காலையில் பஸ் ஏறுகிறார்கள், இருட்டிய பிறகு திரும்பி வருகிறார்கள். இவர்களைப் பற்றி பி.டி. மாஸ்டர்கள் சொல்லும் குறை எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. "மூணு குவார்ட்டர் பறக்கறானுங்க சார். கடைசி நாலு நிமிஷத்துல கையில இருந்த மேட்ச்சைக் கொடுத்துட்டு வந்துடறானுங்க." ஏன் என்று கேட்டால், சின்னப் பசங்க, வெளியூர்க் கூட்டத்தைப் பார்த்து பயந்துவிட்டார்கள் என்று பதில் வரும்.

இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பயம் என்று சொல்லிவிட்டால் பழி முழுக்கப் பதினாறு வயதுப் பையன் தலையில் விழுகிறது. அவனுக்கு ஆட்டம் அமைத்துக் கொடுத்தவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள், போட்டி அட்டவணை போட்டவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்கிறார்கள். உலகம் முழுக்க இளம் அணிகள் இதே இடத்தில்தான் சறுக்குகின்றன. அது பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. அவற்றையும் நம் நாட்டு அணிகளின் அனுபவத்தையும் நம் ஊர்ப் போட்டிகள் நடக்கும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தால், பயத்தைவிடப் பெரிய காரணங்கள் தெரிகின்றன.

முதலில், சொந்த மைதானத்துக்கு உண்மையிலேயே பலம் உண்டா? உண்டு. 1992ல் கோர்னியா, கேரன் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். பேஸ்பாலில் சொந்த ஊர் அணி 53.5 விழுக்காடு ஆட்டங்களில் வெல்கிறது, கூடைப்பந்தில் 64.4 விழுக்காடு என்று கணக்கு வந்தது. மூடிய அரங்கு, மைதானத்தை ஒட்டி உட்காரும் கூட்டம், அடிக்கடி விசில் ஊத வேண்டிய ஆட்டம் என்பதால் கூடைப்பந்தில் இந்தப் பலம் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. காரணங்களை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள்: கூட்டம், இடத்தோடு உள்ள பழக்கம், பயணம், சொந்த அணிக்குச் சாதகமான விதிகள். அமெரிக்காவின் என்.பி.ஏ.யில் நீண்ட காலம் சொந்த ஊர் வெற்றி அறுபது விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. கொரோனாவால் அரங்குகள் காலியாகவோ அரைகுறையாகவோ இருந்த 2020-21 பருவத்தில் அது 54 விழுக்காட்டுக்கு வந்தது. கூட்டம் குறைந்தபோது பலமும் குறைந்தது. ஆனாலும் அது அடியோடு போய்விடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கூட்டம் யாரைப் பாதிக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஆட்டக்காரனையா, விசில் வைத்திருப்பவரையா? 2002ல் நெவில், பால்மர், வில்லியம்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு கால்பந்து நடுவர்களை வைத்து நடந்தது. ஒரே ஆட்டத்தின் வீடியோவை ஒரு குழு நடுவர்களுக்குக் கூட்டத்தின் இரைச்சலோடும் இன்னொரு குழுவுக்குச் சத்தமே இல்லாமலும் போட்டுக் காட்டினார்கள். இரைச்சலோடு பார்த்தவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராக 15.5 விழுக்காடு குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். அவர்கள் காசு வாங்கியவர்களும் இல்லை, வேண்டியவர்களும் இல்லை. சத்தம் கேட்டவுடன் சந்தேகத்துக்குரிய மோதல் அவர்கள் கண்ணுக்குச் சாதாரண மோதலாகத் தெரிந்திருக்கிறது. 2011ல் வந்த ஒரு புத்தகத்தில் மாஸ்கோவிட்ஸ், வெர்தைம் இருவரும் இன்னும் ஒரு படி மேலே போய், சொந்த மைதானத்துப் பலத்தின் பெரும்பகுதி நடுவர் வழியாகவே வருகிறது என்று வாதிட்டார்கள். அதற்கு அவர்கள் காட்டிய சான்றுகளில் ஃப்ரீ த்ரோ ஒன்று. எதிரே நின்று தடுக்க யாரும் இல்லாத, ஆயிரக்கணக்கானோர் கத்தும் அந்த எறிதலில் என்.பி.ஏ.யின் சொந்த ஊர் ஆட்டக்காரர்களும் வெளியூர் ஆட்டக்காரர்களும் ஏறக்குறைய ஒரே விழுக்காட்டில்தான் போடுகிறார்கள்.

நம்மூர்ப் போட்டிகளில் தோற்றுத் திரும்பும் அணியின் முதல் பேச்சு ரெஃப்ரியைப் பற்றித்தான். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம் என்பதை இந்த ஆய்வுகளே சொல்கின்றன. ஆனால் இந்தச் சாய்வு ஒரு ஆட்டத்தில் இரண்டு மூன்று விசிலுக்கு மேல் போகாது. கடைசி நான்கு நிமிடத்தில் எட்டுப் புள்ளி முன்னிலையை இழந்த அணி, அந்த இரண்டு விசிலைத் தவிர மற்ற நேரத்தில் பந்தை என்ன செய்தது என்று பார்த்தாக வேண்டும்.

பயம், பதற்றம் பற்றி நேரடியாக ஆராய்ந்தவர்களும் உண்டு. காவ், பிரைஸ், ஸ்டோன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் என்.பி.ஏ. ஆட்டங்களின் ஃப்ரீ த்ரோக்களை எடுத்து 2011ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிக நெருக்கமான ஆட்டங்களின் கடைசி விநாடிகளில் ஆட்டக்காரர்கள் தங்கள் வழக்கமான அளவைவிட 5 முதல் 10 விழுக்காட்டுப் புள்ளி குறைவாகப் போடுகிறார்கள் என்று கண்டார்கள். ஆக, பதற்றம் உண்மைதான். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் முப்பது வயதுக்காரர்களுக்கே கை நடுங்குகிறது என்றால் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் கோழைகள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது. அந்தச் சறுக்கல் சொந்த ஊரா வெளியூரா என்பதைப் பொறுத்தோ, கூட்டம் எவ்வளவு என்பதைப் பொறுத்தோ மாறியதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நெருக்கடி எங்கே வந்தாலும் நெருக்கடிதான். குறிப்பாக, இரண்டு எறிதலில் முதலாவதைத் தவறவிட்டவன் இரண்டாவதில் தடுமாறுகிறான்.

அடுத்த ஆண்டு கோல்ட்மேன், ராவ் என்ற இருவர் இதற்கு மாறான ஒன்றைச் சொன்னார்கள். நெருக்கடியில் ஃப்ரீ த்ரோவில் தடுமாறுபவன் சொந்த ஊர்க்காரன்தான், வெளியூர்க்காரனுக்கு அப்படி எதுவும் ஆவதில்லை என்றார்கள். ஆனால் போர்டில் பட்டுத் திரும்பும் பந்துக்குத் தாவிப் போட்டியிடுவதில், அதிலும் தன் அணி தவறவிட்டதைத் தானே பிடிப்பதில், சொந்த ஊர்க்காரன் நெருக்கடி நேரத்தில் வழக்கத்தைவிட நன்றாக ஆடுகிறான். கூட்டத்தின் சத்தம் அவனுடைய கவனத்தைக் கெடுக்கிறது, உழைப்பைக் கூட்டுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள்.

இரண்டு ஆய்வும் ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தவில்லை. இருந்தாலும் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன. வெளியூரில் கடைசி நிமிடங்களை இழப்பதற்கு, கூட்டத்தைப் பார்த்துக் கை நடுங்கி எறிதல் தவறுவது முக்கியக் காரணமாகத் தெரியவில்லை. எனக்கு இது மிக முக்கியமான செய்தி. அப்படியானால் ஆட்டம் போவது வேறு இடங்களில்: எதிரணி தவறவிட்ட பந்தை மறுபடி அவர்களே பிடிக்க விடுவதில், அவசரப்பட்டு எறிவதில், பாஸைக் கோட்டுக்கு வெளியே அனுப்புவதில், தேவையில்லாத ஃபவுலில். இவை எல்லாம் சொல்லிக்கொடுக்கக்கூடியவை.

இதை ஒரு அணியின் கதையில் தெளிவாகப் பார்க்கலாம். ஓக்லஹோமா சிட்டி தண்டர் 2024ல் என்.பி.ஏ.யின் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. லீக் வரலாற்றில் அந்த இடத்தைப் பிடித்த அணிகளிலேயே வயதில் இளைய அணி அதுதான். பிளே-ஆஃப் இரண்டாம் சுற்றின் ஆறாவது ஆட்டம் மே 18 அன்று டல்லஸில் நடந்தது. தோற்றால் வெளியேற வேண்டும். இரண்டாம் பாதியில் 17 புள்ளி முன்னிலை வரை போன தண்டர், கடைசி விநாடிகளில் 116-115 என்று ஒரு புள்ளிதான் முன்னே நின்றது. டல்லஸின் பி.ஜே. வாஷிங்டன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து எறிய எழும்பினார். தண்டரின் ஆகச் சிறந்த ஆட்டக்காரரான ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் அவர்மேல் மோதிவிட்டார். கடிகாரத்தில் மீதம் 2.5 விநாடி. வாஷிங்டன் முதல் இரண்டு எறிதலையும் போட்டார், 117-116, ஆட்டம் முடிந்தது. அந்த ஃபவுல் பயத்தில் வந்ததில்லை. கோட்டுக்கு வெளியே எறிபவனை அந்த நேரத்தில் தொடவே கூடாது, கையைத் தூக்கி எதிரே நின்றால் போதும் என்ற முடிவை அரை விநாடியில் எடுக்கத் தவறியதில் வந்தது.

அடுத்த ஆண்டு அதே இளைஞர்கள் பட்டம் வென்றார்கள். ஆனால் வெளியூரில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் தவறு. 2025 பிளே-ஆஃபில் அவர்கள் சொந்த மைதானத்தில் 11 வெற்றி, 2 தோல்வி. வெளியூரில் 5 வெற்றி, 5 தோல்வி. சாம்பியன் அணிக்கே வெளியூர் சரிபாதிதான். அந்த ஐந்து வெற்றிகள் எப்படி வந்தன என்பதில்தான் பாடம் இருக்கிறது. மினியாபோலிஸில் மே 24 அன்று 143-101 என்று 42 புள்ளி வித்தியாசத்தில் அடிவாங்கினார்கள். இரண்டு நாள் கழித்து அதே அரங்கில், அதே கூட்டத்தின் முன்னால், 128-126 என்று ஜெயித்தார்கள். டென்வரில் முந்தைய ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் இழந்தவர்கள், அடுத்ததை 92-87 என்று பிடித்தார்கள். என்.பி.ஏ.யில் 92 புள்ளியில் ஒரு அணி ஜெயிக்கிறது என்றால் எதிரணியைத் தடுத்தே ஜெயித்திருக்கிறது என்று பொருள்.

இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம், ஜூன் 13, இண்டியானாபோலிஸ். தொடரில் 1-2 என்று பின்தங்கியிருந்த தண்டர், மூன்றாவது குவார்ட்டரில் 10 புள்ளி பின்னால் இருந்தது. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் தன் 35 புள்ளிகளில் 15ஐக் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் எடுத்தார். ஆட்டம் முழுவதிலும் அணி போட்ட மூன்று புள்ளி எறிதல்கள் மூன்றே மூன்று. ஃப்ரீ த்ரோவில் 38க்கு 34. முடிவு 111-104. தூரத்திலிருந்து எறிவது சரியாக வராத இரவில், ரிங்கை நோக்கி உள்ளே நுழைந்து, ஃபவுல் வாங்கி, கடிகாரத்தை நிறுத்தி, கோட்டில் நின்று போட்டு ஜெயித்திருக்கிறார்கள். டல்லஸில் அந்த ஃபவுலைச் செய்த அதே மனிதர்தான் இங்கே ஆட்டத்தை முடித்து வைத்தார். இடையில் அவர் ஒரு முழுப் பருவம் ஆடியிருந்தார். என்.பி.ஏ.யில் ஒரு பருவத்துக்கு 82 ஆட்டம், அதில் 41 வெளியூரில். இந்த 41 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு நம் பக்கம் வருவோம்.

இந்திய அணியின் கதையிலும் இதே கோடு ஓடுகிறது. 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஃபிபா ஆசியக் கோப்பையில் இந்திய ஆண்கள் சீனாவை 65-58 என்று தோற்கடித்தார்கள். சீன மண்ணில், சீனக் கூட்டத்தின் முன்னால். ஆசியக் கூடைப்பந்தின் பெரியண்ணனை 58 புள்ளிகளில் நிறுத்தியதுதான் அந்த ஆட்டத்தின் சாரம். 2017 ஜூலையில் பெங்களூருவில் இந்தியப் பெண்கள் அணி ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதியில் கஜகஸ்தானை 75-73 என்று வென்றது. நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை ஆடிய அணி அது. பின்னாளில், 2021ல், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அது சொந்த மண், சொந்தக் கூட்டம். 2025ல் ஆண்கள் அணி வெளிமண்ணில் வெற்றி, தோல்வி இரண்டையும் கண்டது. ஆசியக் கோப்பைக்கான கடைசித் தகுதிச் சுற்றில் பஹ்ரைனை அதன் தலைநகர் மனாமாவிலேயே 81-77 என்று வென்று தகுதி பெற்றது. ஆகஸ்டில் ஜெத்தாவில் கோப்பை தொடங்கியபோது முதல் ஆட்டத்தில் ஜோர்டானைக் கூடுதல் நேரம் வரை இழுத்துக்கொண்டு போய் 84-91 என்று தோற்றது. நாற்பது நிமிடம் சரிக்குச் சரி நின்ற அணி ஐந்து நிமிடத்தில் ஏழு புள்ளி பின்தங்கியது.

ஜோர்டான் ஆட்டக்காரர்கள் உலகக் கோப்பையில் ஆடிப் பழகியவர்கள், நெருக்கமான முடிவுகளை அடிக்கடி சந்திப்பவர்கள். நம்மவர்களுக்கு அந்த வாய்ப்பு எங்கே? இந்தியாவில் சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என்று மாறி மாறி ஆடும் லீக் கூடைப்பந்தில் வேரூன்றவே இல்லை. 2015ல் தொடங்கி சில பருவங்கள் நடந்த யு.பி.ஏ. லீக்கில் சென்னை ஸ்லாம் என்று ஓர் அணி இருந்தது. பெயர்தான் சென்னை, ஆட்டங்கள் எல்லா அணிக்கும் ஒரே அரங்கில் அடுத்தடுத்து நடந்தன. 2022ல் வந்த ஐ.என்.பி.எல். லீக்கில் சென்னை ஹீட் ஆடியது. அங்கும் ஒரு சுற்றுக்கு ஒரு நகரம், எல்லா அணிகளும் அங்கே கூடி ஆடின. செலவு குறைவு, தொலைக்காட்சிக்கு வசதி, புரிகிறது. ஆனால் அப்படிப்பட்ட லீக்கில் வெளியூர் ஆட்டத்தின் சுமையும் சொந்த ஊர் ஆட்டத்தின் பொறுப்பும் யாருக்கும் பழக்கமாவதில்லை.

கீழே வரவர நிலைமை இன்னும் கடினம். பள்ளிக் கல்வித் துறையின் குடியரசு தின விழா விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று மேலே போகின்றன. கூடைப்பந்து அதில் நாக்அவுட். தோற்றால் அன்றோடு வீடு. யோசித்துப் பாருங்கள். ஒரு இளம் அணி முதல் ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளியில் தோற்கிறது. அந்தத் தோல்வியிலிருந்து கற்றதை அடுத்த நாள் பரிசோதித்துப் பார்க்க அதற்கு ஆட்டமே இல்லை. அடுத்த நெருக்கமான வெளியூர் ஆட்டம் அடுத்த ஆண்டு வரலாம். அதற்குள் பிளஸ் டூ மாணவர்கள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். மினியாபோலிஸில் 42 புள்ளியில் தோற்ற தண்டருக்கு அதே அரங்கில் இரண்டே நாளில் மறு ஆட்டம் கிடைத்தது. பாக்கு மரம் ஏறத் தரையில் நின்று பழக முடியாது என்பது பேளூர், பெத்தநாயக்கன்பாளையம் தோப்புக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெருக்கமான ஆட்டத்தை முடிக்கும் திறனும் நெருக்கமான ஆட்டங்களில்தான் வளரும். நாக்அவுட் முறை அதைக் கற்கும் முன்பே மாணவனை வெளியே அனுப்பிவிடுகிறது.

தமிழ்நாட்டின் பெரிய அழைப்புப் போட்டிகள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடையில் நடத்தும் அகில இந்தியப் போட்டி, கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை, கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை ஆகியவை லீக்கும் நாக்அவுட்டும் கலந்தவை. மின்விளக்கு வெளிச்சத்தில் ஊரே திரண்டு உட்கார்ந்து பார்க்கும் ஆட்டங்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ராணுவம், கடற்படை போன்ற அணிகளோடு கல்லூரிப் பையன்கள் மோதுவதை அங்கே பார்க்கலாம். மூன்றாவது குவார்ட்டர் முடியும்வரை பையன்கள் சளைக்காமல் ஓடுவார்கள். நாலாவதில் வங்கி அணி வேகத்தைக் குறைக்கும். பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி இருபது விநாடி ஓட்டி, நல்ல இடத்தில் ஆள் தனியாக நிற்கும்போது மட்டும் எறிவார்கள். திரும்பி ஓடி வந்து போர்டின் கீழே இடம் பிடித்துக்கொள்வார்கள். பையன்கள் பொறுமையிழந்து தூரத்திலிருந்து எறிய ஆரம்பிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். வங்கிக்காரர்கள் அந்த ஐந்து நிமிடத்தில் உயரமாகத் தாவவும் இல்லை, வேகமாக ஓடவும் இல்லை.

இதில் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பல பள்ளி அணிகளுக்கு இதைச் சொல்லித்தருவதே இல்லை என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃபிபா விதிப்படி ஒரு அணி 24 விநாடிக்குள் எறிய வேண்டும். ஆட்டத்தில் இரண்டு நிமிடம், அதாவது 120 விநாடி மீதம். நாம் 6 புள்ளி முன்னால். எதிரணிக்கு அவசரம், அவர்கள் 10 விநாடியில் எறிகிறார்கள். நாம் ஒவ்வொரு முறையும் 22 விநாடி எடுத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 32 விநாடி. எதிரணிக்கு மொத்தம் நாலு வாய்ப்புக்கு மேல் கிடைக்காது. நாமும் பதறிப்போய் 7 விநாடியில் எறிந்தால் ஒரு சுற்றுக்கு 17 விநாடி, எதிரணிக்கு ஏழு வாய்ப்பு. நாலு வாய்ப்பில் 6 புள்ளியை விரட்டிப் பிடிப்பது கடினம், ஏழு வாய்ப்பில் அது சாதாரணம்.

இளம் அணிகள் இதில் இரண்டு விதமாகத் தவறுகின்றன. ஒன்று, முன்னிலையை இன்னும் பெருக்கிவிடும் ஆசையில் பந்து கிடைத்ததும் பறப்பது. மற்றது, நேரத்தை ஓட்டு என்று பெஞ்சிலிருந்து குரல் வந்ததும் ரிங்கைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டு நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பது. இரண்டாவது இன்னும் ஆபத்தானது. கார்ட் ஆடும் பையன் தலையைக் குனிந்து டிரிபிள் செய்துகொண்டு நிற்பான். மூலையில் நிற்பவன் கை நீட்ட மாட்டான், பந்து தன்னிடம் வந்துவிடுமோ என்று. எதிரணியின் இரண்டு பேர் நெருங்கி வந்து கார்டை ஓரக்கோட்டோடு சேர்த்து அடைப்பார்கள். ஐந்து விநாடி பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்பான், விசில் வரும். இந்தக் காட்சியைச் சேலம் பக்கத்து மைதானங்களில் பார்க்காத பார்வையாளர் இருக்க முடியாது. அந்த மூலைப் பையன் இரண்டு அடி பந்தை நோக்கி வந்திருந்தால் போதும். வர வேண்டும் என்று அவனுக்குப் பயிற்சியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டைம் அவுட் கணக்கும் அப்படித்தான். இரண்டாம் பாதிக்கு மூன்று உண்டு. ஆனால் நாலாவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. மூன்றையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் கோச் ஒன்றை வீணாக இழக்கிறார். கடைசி இரண்டு நிமிடத்தில் நம் பந்துக்கு டைம் அவுட் எடுத்தால், பந்தை எதிரணிப் பக்கமிருந்தே உள்ளே போடக் கேட்கலாம். முழு மைதானத்தையும் கடக்க வேண்டியதில்லை. எதிரணி நெருக்கிப் பிடிக்கும்போது இது பெரிய உதவி. ஒரு குவார்ட்டரில் நாலு அணி ஃபவுல் ஆகிவிட்டால் ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. நமக்கு எத்தனை ஆகியிருக்கிறது என்பது களத்தில் நிற்கும் ஐந்து பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு குறையையும் சொல்லியே ஆக வேண்டும். பல பள்ளி ஆட்டங்களில் 24 விநாடிக் கடிகாரமே இல்லை. கடிகாரத்தையே பார்க்காமல் வளர்ந்த பையன், பெரிய ஊர் அரங்கில் தலைக்கு மேலே சிவப்பு எண் 5, 4, 3 என்று இறங்குவதை முதன்முறையாகப் பார்க்கும்போது தடுமாறத்தான் செய்வான்.

இடத்தோடு உள்ள பழக்கம் என்று ஆய்வாளர்கள் சொன்னது நம் பக்கம் மிகக் கூர்மையான பிரச்சினை. அமெரிக்காவில் எந்த ஊருக்குப் போனாலும் மரத்தரை, கண்ணாடிப் போர்டு, ஒரே பந்து. இங்கே வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையில் பழகியவன் வழுக்கும் உள்ளரங்கத் தரையில் ஆட வேண்டும். மரப்பலகையில் பந்து பட்டுத் திரும்பும் வேகம் வேறு, கண்ணாடியில் திரும்பும் வேகம் வேறு. லே-அப் போடுபவனுக்கு இது பெரிய வித்தியாசம். திறந்தவெளி மைதானத்தில் காற்று வேறு. ரிங்கின் உயரம் 3.05 மீட்டர், ஃப்ரீ த்ரோ கோட்டின் தூரம் 4.6 மீட்டர், அது எங்கும் மாறாது. மற்றதெல்லாம் மாறும். முதல் மூன்று குவார்ட்டரில் கால் புதிதாக இருப்பதால் உடல் இதைச் சமாளிக்கிறது. களைத்த பிறகு, யோசிக்காமல் கை தானாகச் செய்ய வேண்டிய நேரத்தில்தான் பழகாத தரையும் போர்டும் வேலையைக் காட்டுகின்றன.

பயணத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. முந்தைய இரவு ஏதோ ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் படுத்தவர்கள், காலையில் இரண்டு இட்லியோடு கிளம்பியவர்கள், மாலையில் நாற்பது நிமிட ஆட்டத்தின் முப்பத்தாறாவது நிமிடத்தில் எப்படி இருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு பேரைப் பெயர் கொடுத்துவிட்டு ஆறு பேரையே ஆடவிடும் வழக்கமும் இதில் சேர்கிறது. களைப்பைத்தான் நாம் பல சமயம் பயம் என்று பெயரிட்டு அழைக்கிறோம் என்பது என் எண்ணம்.

சரி, என்ன செய்யலாம்? பயிற்சியில் செய்யக்கூடியது செலவில்லாதது. தினமும் கடைசி இருபது நிமிடத்தை இதற்கென ஒதுக்கலாம். ஸ்கோர் 51-48, நாலு நிமிடம் மீதம், நமக்கு நாலு ஃபவுல் ஆகிவிட்டது, ஒரு டைம் அவுட்தான் பாக்கி என்று சொல்லி ஆட விடலாம். மறுநாள் மூன்று புள்ளி பின்னால் இருந்து ஆடட்டும். வெளியே உட்காரும் பிள்ளைகள் எதிரணிக் கூட்டமாகக் கத்தட்டும். டைம் அவுட்டில் கோச் பேசாமல் இருந்து, கேப்டனைப் பேச விடலாம். ஃப்ரீ த்ரோ பயிற்சியில், ஓய்வெடுத்த உடம்போடு ஐம்பதைத் தொடர்ச்சியாகப் போட வைப்பதில் பயன் குறைவு. மைதானத்தை நாலு முறை ஓடிவிட்டு, மூச்சு வாங்கும்போது இரண்டே இரண்டு. முதலாவது தவறினால் இரண்டாவதைப் போட்டே தீர வேண்டும் என்ற நிலை ஆட்டத்தில் வருகிறது, எனவே பயிற்சியிலும் வர வேண்டும். பந்து ரிங்கை நோக்கிப் போன உடனே அதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் எதிராளியை முதுகால் தடுத்து இடம் பிடிப்பதை, களைப்பின் உச்சத்தில் தினமும் செய்ய வைக்க வேண்டும். கோல்ட்மேன், ராவ் கண்டது சரியென்றால், வெளியூரில் கடைசி நிமிடங்களின் பெரிய ஆபத்து அந்தத் திரும்பி வரும் பந்துதான்.

ஆனால் பயிற்சி மட்டும் போதாது. ஆட்டங்கள் வேண்டும். கிரிக்கெட்டுக்கு வாழப்பாடியில் 2020ல் சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் மைதானம் வந்தது, டி.என்.பி.எல். ஆட்டங்களும் வந்தன. கூடைப்பந்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. வாழப்பாடி, ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் ஆகிய நாலு ஊர்களும் இரண்டு மணி நேர பஸ் பயணத்துக்குள்தான் இருக்கின்றன. நாலு பள்ளி அணிகள், ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு சொந்த ஊரில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை. ஆளுக்கு ஆறு ஆட்டம், அதில் மூன்று வெளியூரில். ஆறு சனிக்கிழமைகளில் முடிந்துவிடும். யாரும் முதல் தோல்வியோடு வெளியேற மாட்டார்கள். ஆத்தூரில் ஒரு புள்ளியில் தோற்ற அணி அதே ஆத்தூர் அணியைத் தன் ஊரில் மறுபடி சந்திக்கும். குறுவட்டப் போட்டிகளுக்கு முன்பே இதை நடத்தினால், நாக்அவுட் வரும்போது பிள்ளைகள் கடைசி நான்கு நிமிடத்தைச் சில முறையாவது வாழ்ந்து பார்த்திருப்பார்கள். டேபிளில் ஒருவர் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு கடைசி பத்து விநாடியைச் சத்தமாக எண்ணினால் 24 விநாடிக் கடிகாரம் இல்லாத குறையும் பாதி தீரும். ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கத்தில் கடைசி நான்கு நிமிடத்தை மட்டும் தனியாக எழுதி வைக்க வேண்டும்: யார் எறிந்தது, யார் பந்தை விட்டது, போர்டில் யார் பிடித்தது. பருவம் முடியும்போது, பயந்துவிட்டார்கள் என்ற பேச்சுக்குப் பதிலாக மாஸ்டர் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

இந்த ஏற்பாடு பெண் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. தூரத்து ஊர்ப் போட்டி என்றால் இரவு தங்க வேண்டியிருக்கிறது என்று பெற்றோர் தயங்குகிறார்கள். அணியின் நல்ல கார்டே வீட்டில் நின்றுவிடுகிறாள். அதனால் பையன்களைவிடக் குறைவான வெளியூர் ஆட்டங்களே அவர்களுக்குக் கிடைக்கின்றன, கடைசி நிமிடப் பழக்கமும் அந்த அளவுக்குக் குறைகிறது. காலை ஒன்பது மணிக்கு நாமக்கல்லில் ஆட்டம் என்று வைத்தால், மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பொழுது சாய்வதற்கு முன்பே வாழப்பாடி பஸ் நிலையத்தில் வந்து இறங்கிவிடலாம். முதல் ஆண்டு லீக்கைப் பெண்கள் அணிகளைக் கொண்டே தொடங்கலாம் என்பது என் யோசனை.